தண்டவாளத்தை இணைத்தவர்

ரயிலில் செல்லும்போது காதில் விழும் 'தடக் தடக்' ஓசையை அறியாதார் இல்லை. தண்டவாளத்தின் ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்கும் இடத்தில் எழும் ஓசை அது. அந்த இடத்தில் இருபுறமும் இரும்புப் பட்டைகளை வைத்து, போல்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். 'ஃபிஷ் பிளேட்' எனப்படும் அந்தப் பட்டையை உலகுக்கு அளித்தவர் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர்.

1797-ம் ஆண்டு பிறந்த ஆடம்ஸ், குதிரை வண்டி கட்டும் தொழிலில் பயின்றவர். இளமையில் சிலகாலம் சிலி நாட்டில் வாழ்ந்தார். தாயகம் திரும்பியதும் வண்டிகளைப் பற்றி நூல் எழுதினார். புனைபெயரில் அரசியல் சீர்திருத்தக் கட்டுரைகளும் தீட்டினார். அவருடைய மனைவி சாரா பிளவர் ஆடம்ஸ், தமிழ்த் தேவாலயங்களிலும் பாடப்படும் புகழ்பெற்ற கிறிஸ்தவ கீதம் ஒன்றை இயற்றிய கவிஞர்.

1843-ல் லண்டன் போ பகுதியில் ஆடம்ஸ் தொழிற்சாலை நிறுவினார். அக்காலத்தில் தண்டவாள முனைகள் ஒன்றையொன்று பற்றாமல் தனித்தனியே நின்றன. சக்கரம் ஏறும்போது ஒரு முனை அமிழும். அடுத்த முனையில் சக்கரம் மோதும். தண்டவாளமும் வண்டியும் சேர்ந்தே தேயும். இதற்குப் பரிகாரமாகத்தான் 1847-ல் ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவருடன் சேர்ந்து இந்த இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பிளந்த பாய்மரத்தை மரத்துண்டு வைத்துக் கட்டும் கப்பல் தச்சர்களின் வழக்கிலிருந்து 'ஃபிஷ்' என்ற பெயர் வந்தது.

ஆனால் துன்பங்கள் தொடர்ந்து வந்தன. 1848-ல் மனைவி காலமானார். தொழிற்சாலையும் நொடித்தது. ஊரெங்கும் பரவிய கண்டுபிடிப்பின் லாபம் அவர் கைக்கு வரவில்லை.

அவர் போட்ட பாதையில் பிறர் வந்தனர். ஸ்பானரால் நட்டை முடுக்கும்போது போல்டும் கூடவே சுழல்வது பெரிய தொல்லை. பட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வைத்தால், போல்டின் சதுரத் தலை அதில் அமர்ந்து சுழலாது நிற்கும். 1853-ல் ஒயில்ட் என்ற பொறியாளர் பெற்ற காப்புரிமையின் சாரம் இதுவே. அந்த உரிமையைக் கைக்கொண்ட ஹார்வுட், கிரேட் நார்தர்ன் ரயில்வே மீது வழக்குத் தொடுத்தார். முதல் நீதிமன்றம் ஹார்வுட் பக்கம் சாய்ந்தது. மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 1865-ல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு அளித்தது. பள்ளமுள்ள இரும்பு பாலவேலையில் முன்பே வழங்கியதுதான். பழைய உபாயத்தை அதையொத்த வேறு வேலைக்குப் பயன்படுத்துவது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்று காப்புரிமையைத் தள்ளிவிட்டது. காப்புரிமைச் சட்டத்தில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்ட தீர்ப்பு இது.

ஆடம்ஸோ ஓயவில்லை. வளைவுகளில் எளிதாகத் திரும்பும் அச்சுப்பெட்டிக்கு 1863-ல் காப்புரிமை பெற்றார். 1872-ல் மறைந்தார்.

இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைப்பதால் பல தடங்களில் 'தடக் தடக்' ஓசை குறைந்துவிட்டது. எனினும் இணைப்புள்ள இடங்களில், லட்சக்கணக்கான பயணிகளின் உயிரை இன்றும் தாங்கி நிற்பது ஆடம்ஸின் அந்த இரும்புப் பட்டையே.