கள்ளுக்கடையும் கலைவாணரும்

குடித்தவன் தெருவில் தள்ளாடினால் கூட்டம் சிரிக்கும். அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அக்கூட்டம் கேட்பதில்லை. மேலை நாட்டில் மதுக்கடையே நகைச்சுவைக்கு மேடையாயிற்று. அமெரிக்க வானொலியில் 1941 முதல் 1951 வரை ஒலித்த 'டஃபிஸ் டேவர்ன்' முழுவதும் ஒரு மதுக்கடையில் நடப்பது. முதலாளி டஃபி தலைகாட்டவே மாட்டார். கடையை நடத்தும் ஆர்ச்சி தொலைபேசியில் அவரோடு பேசுவதே வேடிக்கை. அதே காலத்தில், சிரிப்பை மதுவுக்கு எதிரான படைக்கலம் ஆக்கினார் ஒரு தமிழர். அவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

1908 நவம்பர் 29-ஆம் நாள், நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வறுமை கல்வியைப் பறித்தது. நாடக மேடை கைகொடுத்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் பயின்று திரையுலகம் புகுந்தார். 1936-இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவருடைய தொடக்க காலப் படம். குடியால் கெட்டவன் இலங்கைத் தோட்டத்தில் கூலியாகும் கதை அது.

டி. ஏ. மதுரம் திரையிலும் வாழ்விலும் துணையானார். புகழ் உச்சியை எட்டிய வேளையில் இடி விழுந்தது. 1944 நவம்பரில் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், தியாகராஜ பாகவதருடன் கிருஷ்ணனும் கைதானார். 1945-இல் இருவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. தீவாந்தரம் என்றாலே அந்தமானும் அதன் செல்லுலார் சிறையும் மக்கள் கண்முன் நின்ற காலம் அது. அப்போது அந்தமான் ஜப்பானியர் பிடியில் இருந்தது. கலைவாணர் கடல் கடக்கவில்லை. இந்நாட்டுச் சிறையிலேயே அடைபட்டார். மதுரமும் நண்பர்களும் தளரவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மறுவிசாரணைக்குப் பின், 1947-இல் இருவரும் குற்றமற்றவர்களாக வெளியே வந்தனர்.

சிறை செல்வத்தைக் கரைத்தது, சிரிப்பைக் கரைக்கவில்லை. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டே, அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்து மதுவிலக்கைப் பரப்பினார் கலைவாணர். குடிகாரனை எள்ளுவதன்று அவர் நோக்கம். குடியை விடச் செய்வதே நோக்கம். அதே படத்தில் வரும் 'கிந்தனார்' காலட்சேபம் மாணவராகிய நமக்கே உரியது. ஒடுக்கப்பட்ட சிறுவன் கிந்தன் நகருக்கு ரயிலேறிச் சென்று கற்று, கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். நந்தனார் தில்லை சென்றார். கிந்தனார் பள்ளி சென்றார்! தமக்குக் கிட்டாத கல்வியைப் பிறர்க்கு வேண்டி நின்ற உள்ளத்தை என்னென்பது!

ஈட்டியதை இல்லாதவர்க்கு ஈந்து, 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் 48 வயதில் மறைந்தார்.

தமிழகத்தில் மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது. சட்டங்கள் வரும், போகும். ஆனால் தள்ளாடுபவனைக் கண்டு சிரிக்கும்போது அவன் வீட்டு அடுப்பையும் எண்ணிப் பார்க்கச் சொன்ன கலைஞனின் பாடம் போகாது. நண்பர்களே, நாமும் சிரிப்போம், சிந்தித்துச் சிரிப்போம்!