ஒலியை அச்சிட்ட பெருமகன் எமில் பேர்லினர்



நாம் வாழும் மொன்றியல் மாநகரில் சென்ற் ஹென்றி என்றொரு பழைய தொழிலாளர் குடியிருப்பு உண்டு. அங்கே லெனுவார் வீதியில் பெரியதொரு தொழிற்சாலைக் கட்டடம் நிற்கின்றது. உலகெங்கும் வீடுகளுக்குள் இசையைக் கொண்டுவந்த ஒருவரின் வரலாற்றோடு அக்கட்டடம் பிணைந்துள்ளது. அவரே கிராமபோனையும் தட்டையான இசைத்தட்டையும் கண்டுபிடித்த எமில் பேர்லினர்.

பேர்லினர் 1851ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி யேர்மனியின் ஹனோவர் நகரில், யூத வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். தாயார் இசையில் நாட்டமுள்ளவர். பதினான்கு வயதோடு பேர்லினரின் பள்ளிப்படிப்பு முடிவுற்றது. அச்சுக்கூடமொன்றில் எடுபிடி வேலை செய்தார். பின்பு துணிக்கடையிற் பணியாற்றினார். போர்மேகம் சூழ்ந்த 1870ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், தாய்நாட்டை நீங்கி ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறினார்.

புகுந்த நாட்டில் அவருக்குக் கிடைத்தவை எம்மவர் நன்கறிந்த வேலைகளே. கடையிற் சிப்பந்தியாக நின்றார். ஆய்வுகூடமொன்றிற் போத்தல் கழுவினார். ஆயினும் இரவு வேளைகளில் நியூயோர்க்கின் கூப்பர் கல்விக்கூடத்திற் படிக்க அவர் தவறவில்லை. பல்கலைக்கழகப் பட்டமெதுவும் இல்லாத அந்த இளைஞர் 1877இல் தொலைபேசிக்கு உதவும் ஒலிவாங்கியொன்றை அமைத்தார். பெல் தொலைபேசி நிறுவனம் அதன் உரிமையை விலைகொடுத்து வாங்கியது.

அதே 1877இல் தோமஸ் அல்வா எடிசன், ஒலியைப் பதிந்து மீளக் கேட்கும் கருவியை உருவாக்கினார். அது உருளையிற் பதிவது. பேர்லினர் வேறு வழியை நாடினார். மெழுகு பூசிய தட்டையான துத்தநாகத் தகட்டில், ஒலியின் அதிர்வுக்கேற்ப ஊசி பக்கவாட்டில் நெளிந்து கீறியது. கீறிய தடம் அமிலத்தினால் அரிக்கப்பட்டது. அத்தகட்டிலிருந்து உலோக அச்சு எடுத்தால், ஒன்றைப் போல் ஆயிரம் தட்டுகளை அழுத்தி எடுக்கலாம். இளமையில் அச்சுக்கூடத்திற் பெற்ற பட்டறிவுதான் இங்கு கைகொடுத்ததோ என எண்ணத் தோன்றுகின்றது. 1887இல் காப்புரிமை பெற்ற இக்கருவியை, 1888 மே 16ஆம் திகதி பிலடெல்பியாவில் அறிஞர் அவையொன்றின் முன் அவர் இயக்கிக் காட்டினார்.

உருளைக்கும் தட்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை விளக்க, அதே ஆண்டில் ஆறு வாரங்களின் பின் நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும்.

1888 யூன் 29ஆம் திகதி இலண்டனின் பளிங்கு மாளிகையில் ஹண்டெல் இசைவிழா நடைபெற்றது. ஹண்டெலும் யேர்மனியிற் பிறந்து, ஹனோவர் அரசவையிற் பணியாற்றி, பின் இங்கிலாந்திற் குடியேறியவரே. 1739இல் அரங்கேறிய அவரது 'எகிப்தில் இஸ்ரவேலர்' அன்று பாடப்பட்டது. அது ஓரற்றோரியோ எனும் வகையைச் சேர்ந்தது. வேடமும் நடிப்புமின்றி, பாடகரும் பெருங்குழுவும் ஒரு கதையைப் பாடியே நிகழ்த்துவது. அடிமைப்பட்ட மக்கள் தமது துயர்நீங்கி வெளியேறும் கதை அது. ஏறத்தாழ நாலாயிரம் குரல்கள் ஒருங்கே ஒலித்தன. எடிசனின் முகவரான கேணல் கூரோ, தொலைவிலிருந்த மாடத்தில் எடிசனின் கருவியை வைத்து மெழுகுருளைகளிற் பதிவுசெய்தார். அவற்றுட் சில இன்றும் அமெரிக்காவிற் பேணப்படுகின்றன. எஞ்சியுள்ள மிகப் பழைய இசைப்பதிவுகளுள் அவையும் அடங்கும்.

அப்பதிவை நாம் கேட்டோம். முதலிற் கேட்பது இரைச்சல் மட்டுமே. தகரக் கூரையில் மாரி மழை பொழிவது போன்ற இரைச்சல். சொற்கள் தெளிவில்லை. தனிக்குரல் எதையும் பிரித்தறிய இயலாது. தெளிவொன்றையே அளவுகோலாகக் கொண்டால் இப்பதிவுக்குப் புள்ளி எதுவும் இடமுடியாது. எனினும் பொறுமையோடு மீண்டும் கேட்டால், இரைச்சலின் பின்னே பெருங்குழுவொன்று அலைபோல் எழுந்து தாழ்வது புலனாகும். பாடல் மிகவும் ஆறுதலாகச் செல்வதும் தெரியும். ஹண்டெல் தம் வாழ்நாளிற் பயன்படுத்திய பாடற்குழுக்கள் சிறியவை. அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடியபோது அதன் நடை எவ்வாறு மாறிற்று என்பதற்கு இந்தத் தேய்ந்த மெழுகே சாட்சி. பழைய பதிவொன்றை மதிப்பிடுவோர், அதில் எது கெட்டுப்போயிற்று என்பதைவிட, வேறெங்கும் கிடையாத எதை அது காத்து வைத்திருக்கின்றது என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

ஆனால் அம்மெழுகுருளைகளுக்குப் பிரதி இருக்கவில்லை. ஒன்று உடைந்தால் அதிலுள்ள ஒலியும் அதனோடு மாண்டுவிடும். பேர்லினரின் தட்டோ பெருகியது. 1902இல் கல்கத்தாவிற் பதிவான பாடல்கள் ஹனோவருக்கு அனுப்பப்பட்டு, தட்டுகளாக அச்சிடப்பட்டு மீண்டன. பின்னர் தமிழிசையும் இவ்வாறே தட்டேறி எமது ஊர்களை அடைந்தது. ஹண்டெலின் 'மெசையா' ஓரற்றோரியோவும், 1920களின் பிற்பகுதியில் தோமஸ் பீச்சம் நெறிப்படுத்த, வழமையான சில பகுதிகள் நீங்கலாகத் தட்டுகளில் வெளிவந்தது.

பேர்லினரின் வாழ்வில் இடரும் வந்தது. 1900இல் வணிக வழக்கொன்றின் காரணமாக, தாம் கண்டுபிடித்த பொருளையே ஐக்கிய அமெரிக்காவில் விற்க முடியாதபடி நீதிமன்றத் தடை விழுந்தது. அவ்வேளை அவரது தொழிலுக்கு இடமளித்தது எமது மொன்றியல். தாம் வாஷிங்டனில் வாழ்ந்தபடி, மகன் ஹேர்பேர்ட்டின் துணையுடன் இங்கே தொழிலை வளர்த்தார். இசைக்குழாயின் முன் காது கொடுத்து அமர்ந்திருக்கும் நாயின் படத்தை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்தவரும் அவரே. பிற்காலத்தில் பாலைக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்குமாறு பரப்புரை செய்து, பிள்ளைகளின் நலனுக்கும் உழைத்தார். 1929 ஓகஸ்ட் 3ஆம் திகதி மறைந்தார். சென்ற் ஹென்றிக் கட்டடத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகமும் அமைந்தது.

இவரைப் பற்றி எழுத நாம் விரும்பியதற்கு ஒரு காரணமுண்டு. எமது தந்தையார் பேணிய இசைத்தட்டுகள் இடப்பெயர்வின்போது வீட்டோடு அழிந்தன. அவற்றிலிருந்த பாடல்களை இங்கே ஓர் அன்பர் வீட்டில் மீண்டும் கேட்டோம். வேறு பிரதிகள் உலகில் இருந்தன. எமது அப்பாச்சியாரின் தாலாட்டோ ஒரேயொரு ஒலிநாடாவில் இருந்தது. அது திரும்பக் கிடைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதும் இதுவே நேர்ந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் அச்சு நூல்கள் பலவற்றைப் பிற இடங்களிலிருந்து மீளப் பெறலாம். பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளை யார் தருவார்?

மாணவச் செல்வங்களே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் பாட்டனார், பாட்டியாரிடம் ஒரு பாட்டோ கதையோ கேளுங்கள். அதைப் பதிந்து ஒன்றுக்கு மூன்று பிரதி எடுத்து வையுங்கள். பின்பு நீங்களே அதைப் பாடிப் பழகுங்கள். குளிரையும் களைப்பையும் பாராது சனிக்கிழமை தோறும் உங்களைப் பெற்றோர் இங்கு அழைத்து வருவதும் அதற்காகவே. உங்கள் உச்சரிப்பில் இரைச்சல் சிறிது இருப்பின் அஞ்சவேண்டாம். பொறுமையோடு கேட்க நாம் இருக்கின்றோம்.

வாழ்க தமிழ்!