பாதரசம் பறித்த ஞாபகம்

டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி நம்பரைப் பார்த்துக்கொள்வார். நாலடி நடந்து டெலிபோனை எடுப்பதற்குள் நம்பர் மறந்துவிடும்! தாமே எழுதி அச்சான கட்டுரையில் என்ன இருந்தது என்பதும் நினைவுக்கு வராது. இவர் தள்ளாத கிழவரல்ல. நாற்பதுகளில் இருந்த ஜெர்மன் ரசாயன மேதை ஆல்பிரட் ஸ்டாக்.

1876-ல் டான்ஸிக் நகரில் பிறந்தவர். பெர்லினில் எமில் பிஷரிடம் பயின்றவர். இரும்பு, செம்பு முதலியவற்றின் கூட்டுப் பொருள்களை எழுதும்போது ரசாயன மாணவர்கள் அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போடுகிறார்களே, அந்த முறையைப் புகுத்தியவர் இவர்தான்.

போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்களை ஆராய்வதில் அவருக்குத் தீராத மோகம். அவற்றில் சில, காற்றுப் பட்டதும் தீப்பற்றிக்கொள்ளும். குழாய்த் திருகுகளில் தடவும் மசகையும் கெடுத்துவிடும். ஆகவே காற்றுப் புகாத கண்ணாடிச் சாதனம் ஒன்றை அமைத்து, அதன் வால்வுகளில் மசகுக்குப் பதில் பாதரசத்தை வைத்தார். ஆராய்ச்சி ஜெயித்தது. ஆனால் அந்தப் பாதரசமே அவருக்கு எமனாக வந்தது.

தலைவலி, கிறுகிறுப்பு, ஓயாத ஜலதோஷம் என்று பல வருஷங்கள் அவதிப்பட்டார். என்ன சிகிச்சை செய்தும் பலனில்லை. 1924-ல்தான் குட்டு வெளிப்பட்டது. காற்றோட்டம் போதாத ஆராய்ச்சி அறையில் பாதரச ஆவி! உடன் வேலை செய்தவர்களுக்கும் அதே உபாதை.

வேறொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். ஸ்டாக் 1926-ல் தம் அவஸ்தையை ஒளிக்காமல் எழுதினார். பல் வைத்தியர்களையும் அவர் விடவில்லை. சொத்தைப் பல்லை அடைக்கும் அமால்கம் கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அதிலிருந்தும் ஆவி கசிகிறது என்று எச்சரித்தார். ஜெர்மனியில் பெரும் சர்ச்சை மூண்டது.

ஆவி கசிவது மெய்தான். ஆனால் அளவு சொற்பம். பெரும்பாலோருக்கு அதனால் தீங்கு என்பது நிரூபணமாகவில்லை. தாம் பட்ட பாடு ஸ்டாக்கின் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி போட்டுவிட்டதோ என்னவோ! ஆனாலும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள் போன்றோருக்குக் கூடியவரை வேறு அடைப்பு நல்லது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2020-ல் அறிவித்தது. ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத சந்தர்ப்பம் நீங்கலாக, அமால்கத்துக்குத் தடை போட்டது. மண்ணிலும் நீரிலும் பாதரசம் சேர்வதும் அதற்கு ஒரு காரணம். இதைப் படித்துவிட்டு நல்ல நிலையிலுள்ள பழைய அடைப்பைத் தோண்டி எடுக்க ஓடவேண்டாம். தோண்டும்போதுதான் ஆவி அதிகம்.

ஸ்டாக் 1936 வரை கார்ல்ஸ்ரூவில் பேராசிரியராக இருந்தார். காற்றிலும் உடலிலும் உள்ள அணுவளவு பாதரசத்தையும் அளக்கும் வழிகளைத் தேடினார். உடல்நலம் குன்றி ஓய்வு பெற்ற அவர், 1946-ல் ஆகென் என்ற சிற்றூரில் காலமானார்.