இருவிரல் இசைஞர்

கிற்றார் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதன்முதல் உரைப்பது இடக்கையைப் பற்றியதாகவே இருக்கும். நான்கு விரல்களையும் அடுத்தடுத்த நான்கு மெட்டுக்களின்மேல் நிறுத்துதல் வேண்டும். சுண்டுவிரலையும் ஏனையவற்றோடொப்ப வலிமையுறச் செய்தல் வேண்டும். இப்பாடத்துக்குப் புறம்பாக நின்று, ஐரோப்பிய ஜாஸ் இசையிலே பெரும்புகழ் எய்தியவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

அவர் 1910 ஆம் ஆண்டு சனவரி 23 ஆந் திகதி, பெல்ஜியத்திலுள்ள லிபெர்ஷி என்னும் சிற்றூரிலே பிறந்தார். பெற்றோர் ஊரூராகச் சென்று வாழும் ரோமானி மக்களுள் மனூஷ் என்னும் கிளையினர். பாரிசு மாநகரின் பழைய மதிலுக்கு வெளியே, வண்டிகளையே வீடாகக் கொண்டோர் நடுவில் அவர் வளர்ந்தார். பள்ளிக் கல்வி வாய்க்கவில்லை. பன்னிரண்டு வயதளவிற் கிடைத்த பாஞ்சோ-கிற்றார் ஒன்றைத் தாமே பழகி, சில ஆண்டுகளுள் நடன மண்டபங்களில் அக்கோடியன் வாசிப்போர்க்குப் பக்கவாத்தியக்காரர் ஆனார். 1928 இல் அவர் வாசித்த ஒலித்தட்டுக்களிற் பெயர் பிழையாகவே அச்சாயிற்று. தம் பெயரைத் தாமே எழுதிக் காட்ட அவரால் இயலவில்லை போலும்!

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் ஓரிரவு, அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியது. மனைவி விற்பனைக்காகச் செய்து குவித்திருந்த செயற்கைப் பூக்களில் மெழுகுவர்த்தியின் சுடர் பட்டதே காரணம் என்பர். பதினெட்டு வயது இளைஞரின் வலக்கால் கருகியது. இடக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் நரம்பு சுருங்கி உள்நோக்கி மடங்கின. காலைத் துணித்தல் வேண்டுமென மருத்துவர் கூறியபோது அவர் உடன்படவில்லை. கால் பிழைத்தது. விரல்கள் மீளவில்லை. ஏறத்தாழப் பதினெட்டு மாதங்கள் படுக்கையிற் கழிந்தன. தம்பி யோசேப் கொணர்ந்த கிற்றார் ஒன்று துணையாயிற்று.

ஜாங்கோவின் வரலாற்றைக் கூறுவோர் பலர் இவ்விடத்தை ஓர் அற்புதமென வியந்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். எமக்கோ இப்பதினெட்டு மாதங்களே அவர் வாழ்வின் மையமெனத் தோன்றுகின்றன. நான்கு விரல் கொண்டவன் கையை ஓரிடத்தில் நிறுத்தித் தந்திகளைக் குறுக்கே கடக்கலாம். இரண்டே விரல் கொண்டவனுக்கு அது கூடாது. ஆகவே அவர் ஒவ்வொரு தந்தியிலும் இரண்டிரண்டு சுரங்களை எடுத்து, அடுத்த தந்திக்குத் தாவும்போதே கையையும் மேனோக்கி நகர்த்தினார். ஒரே விரலைத் தந்திமேல் இழுத்து அரைச்சுரங்களை ஓடவிட்டார். மூன்று மூன்று அரைச்சுர இடைவெளியில் அமைந்த நாற்சுரச் சேர்க்கை ஒன்றுண்டு. கையின் வடிவை மாற்றாது மூன்று மெட்டுத் தள்ளினால் அச்சுரங்களே முறைமாறித் திரும்ப வரும். அதனை அவர் பெரிதும் கையாண்டார். மடங்கிய விரல்களையும் அவர் வீணே விடவில்லை. சுரக்கூட்டுக்களை இசைக்கையில் மேலிரு தந்திகளை அழுத்த அவை உதவின. தடித்த தந்திகளைப் பெருவிரல் கழுத்தின் மேலாக வளைந்து பற்றிற்று.

நம் வீணையை அறிந்தோர்க்கு இதில் ஒன்று புலப்படும். வீணையிலும் மெட்டின்மேல் இயங்குபவை பெரும்பாலும் சுட்டுவிரலும் நடுவிரலுமே. தந்தியின் நீளத்தையே வழியாகக் கொள்வதால் அங்கே அவை போதும். ஜாங்கோ இவ்வழியை எவரிடமும் கற்றாரல்லர்; தேவை அவரை அதன்பாற் செலுத்தியது.

தூலோன் துறைமுக நகரில் ஓவியர் ஒருவர் இசைத்துக் காட்டிய லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் ஒலித்தட்டுக்கள் அவரை ஜாஸ் இசைக்கு ஆட்படுத்தின. 1934 இல் வயலின் கலைஞர் ஸ்டெபான் கிறப்பெலியுடன் சேர்ந்து பாரிசில் ஐவர் குழுவொன்றை அமைத்தார். முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. மூன்று கிற்றார்களும் வயலினும் பெருவயலினுமே. அத்தட்டுக்களைக் கேட்போர் விரற்குறையை நினைப்பதில்லை.

1939 செப்தெம்பரிற் போர் மூண்டபோது குழு இலண்டனில் இருந்தது. கிறப்பெலி அங்கேயே தங்க, ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார். ஐரோப்பாவெங்கும் ரோமானி மக்கள் நாசிகளாற் கொன்றொழிக்கப்பட்ட காலம் அது. 1943 இற் சுவிற்சர்லாந்துக்குத் தப்ப முயன்றார். எல்லையிலே திருப்பி அனுப்பப்பட்டார். 1940 இற் பதிவான அவருடைய 'நுவாஜ்', முகில்கள் எனப் பொருள்படும் இசை, அப்போது பிரான்சு முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தது. இசையைக் கொண்டாடினர், இசைஞரின் இனத்தாரைச் சிறையிட்டனர்.

1946 இல் டியூக் எலிங்டனுடன் அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் செய்தார். எதிர்பார்த்த பெருமை கிட்டவில்லை. 1951 முதல் செயின் நதிக்கரையிலுள்ள சமுவா என்னும் ஊரில் மீன் பிடிப்பதும் ஓவியந் தீட்டுவதுமாய் இருந்தார். 1953 ஏப்ரிலில் இறுதி ஒலிப்பதிவு நிகழ்ந்தது. மே 16 ஆந் திகதி மூளையிற் குருதிக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 43.

அவர் வழிவந்த இசையை இன்று பயிலும் இளைஞர் பலர், நான்கு விரல்களும் நலமாக இருக்கவும், விரைவான ஓட்டங்களை இரு விரல்களாலேயே வாசித்துப் பழகுகின்றனர்.