பிரான்சிஸ் டேவிஸ்

பிரான்சிஸ் ரைட் டேவிஸ் (1887 – 1978) ஓர் அமெரிக்கப் பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். பவர் ஸ்டீயரிங் எனப்படும் ஆற்றலுதவித் திசைமாற்றியை நடைமுறைக்கு ஏற்ற வடிவில் உருவாக்கியவராக இவர் அறியப்படுகிறார். 1926 இல் செயல்விளக்கம் காட்டப்பட்ட இக்கருவி, விற்பனைக்கு வந்த தானுந்துகளில் 1951 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது.

வாழ்க்கை

டேவிஸ் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று 1910 இல் பட்டம் பெற்றார். பின்னர் பஃபலோ நகரில் இருந்த பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் சேர்ந்து, சரக்குந்துப் பிரிவின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். பாரம் ஏற்றிய சரக்குந்துகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அங்கு நேரில் கண்டார். 1922 இல் அப்பணியைத் துறந்து, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் சிறு பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். கருவி செய்வதில் வல்லவரான ஜார்ஜ் ஜெசப் இவருக்குத் துணையாக இருந்தார்.

கண்டுபிடிப்பு

எண்ணெயை எப்போதும் உயர் அழுத்தத்தில் தேக்கி வைக்கும் அமைப்புகளில் கசிவு பெருந்தடையாக இருந்தது. டேவிஸ் இதற்கு மாற்று வழி கண்டார். இவரது அமைப்பில் இயந்திரத்தால் இயங்கும் எக்கி எண்ணெயை ஓயாது சுற்றி வரச் செய்யும். வண்டி நேராகச் செல்லும்போது வால்வு திறந்திருப்பதால் அழுத்தம் உயராது. ஓட்டுநர் திசைமாற்றிச் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டுமே வால்வு எண்ணெயின் ஓட்டத்தைக் குறுக்கும். அப்போது எழும் அழுத்தம் உந்துதண்டைத் தள்ளி, முன்சக்கரங்களைத் திருப்ப உதவும்.

நீண்ட காத்திருப்பு

1921 ஆம் ஆண்டின் பியர்ஸ்-ஆரோ தானுந்து ஒன்றில் இக்கருவியைப் பொருத்தி, 1926 இல் டெட்ராய்ட் நகருக்கு ஓட்டிச் சென்று காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இவருடன் ஒப்பந்தம் செய்து, காடிலாக் தானுந்துகளில் இதனைப் பொருத்தத் திட்டமிட்டது. எனினும், பொருளாதாரப் பெருமந்தத்தால் விற்பனை சரிந்த நிலையில், செலவு ஈடாகாது எனக் கருதி 1934 இல் திட்டத்தைக் கைவிட்டது. 1936 இல் டேவிஸ் பென்டிக்ஸ் நிறுவனத்துடன் இணைந்தார். இரண்டாம் உலகப் போரில் கனமான கவச வண்டிகளுக்கு இக்கருவி பெரிதும் பயன்பட்டது.

1951 இல் கிறைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் தானுந்தில் ஆற்றலுதவித் திசைமாற்றியை அறிமுகப்படுத்தியது. அதற்குள் டேவிசின் தொடக்கக் காப்புரிமங்கள் காலாவதியாகியிருந்தன. எனவே அவற்றில் இருந்த கருத்துகளை அந்நிறுவனம் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தது. இப்போட்டியைச் சமாளிக்க ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் டேவிசை நாடியது; 1952 இல் காடிலாக் தானுந்துகளிலும் இவ்வசதி வந்தது.

இன்றைய நிலையும் பராமரிப்பும்

1988 இல் சுசூக்கி செர்வோவில் மின்னோடி உதவும் திசைமாற்றி அறிமுகமானது. இன்று புதிய தானுந்துகள் பலவற்றில் இம்முறையே உள்ளது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வகையில் எண்ணெயின் அளவு, கசிவு, எக்கியைச் சுழற்றும் வார்ப்பட்டை ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். சக்கரத்தை ஒரு பக்கம் முழுதும் திருப்பி நெடுநேரம் பிடித்திருந்தால் அழுத்தம் உச்சத்தை எட்டி எண்ணெய் சூடேறும்; எக்கியும் தேயும். இயந்திரம் நின்றுவிட்டால் உதவி அற்றுப்போகும். எனினும் இயங்குறுப்புகளின் நேரடி இணைப்பு இருப்பதால், கூடுதல் விசையுடன் வண்டியைத் திருப்ப இயலும்.