ஒளியை உணர்ந்த கல்

ஜகதீச சந்திர போஸ் என்றதும் தொட்டாற்சுருங்கிதான் நம் நினைவுக்கு வருகிறது. செடியை ஆராயுமுன் கல்லை ஆராய்ந்தவர் அவர்.

1858-இல் வங்காளத்தில் பிறந்தார். 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம். அந்தக் குறைச்சம்பளத்தைத் தொடமாட்டேனென்று மூன்றாண்டுகள் ஒரு காசும் பெறாமலே பாடம் நடத்தினார்; இறுதியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது.

கலீனா என்பது ஈயமும் கந்தகமும் கூடிய கனிமம். அதன்மீது கூரிய உலோக முனையைப் பொருத்தி மின்சாரம் செலுத்தினால், மின்காந்த அலையோ ஒளியோ படும்பொழுது மின்னோட்டம் மாறுவதைப் போஸ் கண்டார். கம்பியில்லாத் தந்தி வளர்ந்துகொண்டிருந்த அந்நாளில் இதன் விலையைச் சொல்லவும் வேண்டுமா? 1901-இல் தந்தித் தொழில் முதலாளி ஒருவர் இலாபத்தில் பங்கு தருவதாக அவரைத் தேடி வந்தார்; போஸ் மறுத்துவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தியதால் அவ்வாண்டே விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-இல் கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டார். பணத்தை வேண்டாமென்றது பெருமைதான். ஆனால் அக்கருவியைத் தொழிலாக்க இங்கே ஒருவருமில்லாமற் போனது நமக்கு நட்டமே.

1937-இல் கிரிதியில் மறைந்தார். அதே ஈய சல்பைடு இன்று அகச்சிவப்புக் கதிரை உணரும் கருவிகளில் இருக்கிறது. அதை நுண்துகளாக்கி, நச்சுவாயுவை மோப்பம் பிடிக்கவும் கதிரவன் ஒளியை மின்சாரமாக்கவும் முயலும் ஆய்வுக்கூடங்கள் பல.