உடம்புக்குள்ளேயே ஷாக் மெஷின்: நிபுணர்கள் நிராகரித்த ஐ.சி.டி-யை சாதித்துக் காட்டிய மிரோவ்ஸ்கி யார்?

முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற இதய மருத்துவமனைகளில் சிலருக்கு ஐ.சி.டி என்ற கருவியைப் பொருத்துவாங்க. மெதுவாகத் துடிக்கும் இதயத்தைத் தூண்டுவது பேஸ்மேக்கர். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைக் கண்டுபிடித்து, ஷாக் கொடுத்துச் சரிசெய்வது ஐ.சி.டி. சரி, இது எப்படி வந்துச்சு?

யார் இவர்?

மிஷேல் மிரோவ்ஸ்கி 1924-ல் வார்சாவில் பிறந்த யூதர். 1939-ல் நாஜிப் படையெடுப்பு நடந்தபோது சிறுவனாகத் தப்பினார். குடும்பத்தில் பிழைத்தது அவர் மட்டும்தான். பிரான்ஸில் மருத்துவம் படித்து, இஸ்ரேலில் டாக்டராகப் பணியாற்றினார்.

குருவின் மரணம்

1966-ல் அவருடைய குரு ஹாரி ஹெல்லர் இதயத் துடிப்புக் கோளாறால் இறந்தார். உயிர்காக்கும் ஷாக் மெஷின் ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். நோயாளி எந்நேரமும் அங்கேயே இருக்க முடியுமா? மெஷினையே உடம்புக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார் மிரோவ்ஸ்கி.

எதிர்ப்பு ஏன்?

1968-ல் அமெரிக்காவின் பால்டிமோர் சென்றவர், மார்ட்டன் மோவருடன் வேலையைத் தொடங்கினார். 1972-ல் பிரபல இதய நிபுணர் பெர்னார்ட் லோன் இந்த யோசனையைக் கடுமையாக விமர்சித்தார். நிதி கிடைப்பதும் கஷ்டம். ஆனாலும் இருவரும் விடல. நாய்களின் இதயத் துடிப்பைக் குலைத்து, கருவி அவற்றைப் பிழைக்கவைப்பதைப் படம்பிடித்துக் காட்டினார்கள்.

1980 பிப்ரவரி 4: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு ஐ.சி.டி பொருத்தப்பட்டது. அப்போது அது வயிற்றுப் பகுதியில் வைக்கும் அளவுக்குப் பெரிய கருவி.

1985: அமெரிக்க அரசு அனுமதி.

1990-ல் புற்றுநோயால் மிரோவ்ஸ்கி இறந்தார். இன்று அந்தக் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்துவிடலாம். ஹெல்லருக்குக் கிடைக்காத அந்த ஷாக், இப்போ நோயாளி வீட்டில் தூங்கும்போதும் கூடவே இருக்கு.